கோயாசான் மலையில் ஓர் இரவு: மடத்தில் தங்கலாமா என்று கேட்டவருக்கு

கேள்வி இதுதான்: "அம்மாவும் நானும் ஜப்பான் போகிறோம். ஒசாகாவில் நான்கு நாள். அதில் ஒரு இரவை கோயாசான் மலையில் இருக்கும் புத்த மடத்தில் கழிக்கலாமா என்று யோசனை. அம்மாவுக்கு அறுபத்தாறு வயது, சுத்த சைவம், முழங்கால் வலி வேறு. கொடுக்கிற பணத்துக்குத் தகுமா? காலையில் போய்ப் பார்த்துவிட்டு மாலையே திரும்பினால் போதாதா?"

போதாது. தங்குங்கள். அந்த மலையில் பார்க்க வேண்டியதில் பாதி, பகல் கூட்டம் கீழே இறங்கிய பிறகுதான் தொடங்குகிறது. மாலை ஐந்து மணிக்கு மேல் கடைகள் சாத்தப்பட்டு, பேருந்துகள் குறைந்து, ஊரே சட்டென்று அடங்கிவிடும். அதற்கப்புறம் காலை ஒன்பது வரை இருக்கும் நேரத்துக்காகத்தான் இவ்வளவு தூரம் போவது. நான் மூன்று முறை, மூன்று வெவ்வேறு மடங்களில் தங்கியிருக்கிறேன். பகலில் என்னென்ன பார்த்தேன் என்று கேட்டால் யோசித்துத்தான் சொல்ல வேண்டும். அந்த விடியற்காலைகள் மூன்றும் அப்படியே நினைவில் இருக்கின்றன.

முதலில், அது என்ன இடம் என்று தெரிந்துகொண்டு போவது நல்லது. கூக்காய் என்ற துறவி 804இல் சீனா போய், சாங்கான் நகரில் ஹுய்குவோ என்ற குருவிடம் வஜ்ரயானம் என்ற தாந்திரிக புத்த மரபைக் கற்றுத் திரும்பியவர். இறந்த பின் கிடைத்த பட்டம் கோபோ தாய்ஷி; ஜப்பானியர்கள் பாசத்தோடு 'ஓதாய்ஷி-சான்' என்பார்கள். 816இல் சாகா பேரரசர் இந்த மலையை அவருக்குத் தந்தார். கடல் மட்டத்திலிருந்து சுமார் 800 மீட்டருக்கு மேலே, சுற்றிலும் சிகரங்கள் நிற்க நடுவில் ஒரு தட்டையான பள்ளம். எட்டு இதழ்த் தாமரையின் நடுவில் ஊர் உட்கார்ந்திருக்கிறது என்று அங்கே சொல்வார்கள். இன்று 117 கோவில்கள் இருக்கின்றன. அவற்றில் ஐம்பது சொச்சம் கோவில்கள் வெளியாரைத் தங்க வைக்கின்றன. இப்படித் தங்கும் மடத்துக்கு 'ஷுகுபோ' என்று பெயர். யாத்திரிகர்களுக்காக ஏற்பட்ட ஏற்பாடு, இப்போது எந்த நாட்டுக்காரரும் எந்த மதத்தவரும் தங்கலாம். 2004இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் கீ மலைத்தொடரின் புனிதத் தலங்களோடு இதுவும் சேர்ந்தது.

பெண்கள் போகலாமா என்ற தயக்கம் அம்மாவுக்கு இருந்தால், தாராளமாகப் போகலாம். 1872 வரை பெண்களுக்கு மலை மேல் அனுமதி கிடையாது. அவர்கள் எல்லைக்கு வெளியே இருந்த மண்டபங்களில் தங்கி, சுற்றுப்பாதையில் நடந்தே கும்பிட்டுவிட்டுப் போவார்கள். ஏழு நுழைவாயில்களில் அப்படி மண்டபங்கள் இருந்தன. மிஞ்சியிருப்பது ஒன்றுதான், 'ந்யோனின்தோ'. ரயில் நிலையத்திலிருந்து வரும் பேருந்து அதன் பக்கமாகத்தான் ஊருக்குள் நுழையும். மலையடிவாரத்தில் குதோயாமா என்ற ஊர் இருக்கிறது. மகனைப் பார்க்க வந்த கூக்காயின் தாய் மேலே ஏற முடியாமல் அங்கேயே தங்கிவிட்டாராம். மகன் மாதத்துக்கு ஒன்பது முறை இறங்கி வந்து பார்த்தாராம். 'ஒன்பது முறை மலை' என்பதுதான் அந்த ஊர்ப் பெயரின் பொருள். அம்மாவோடு போகிறீர்கள், அந்த ஊரை ரயிலில் கடக்கும்போது இந்தக் கதையைச் சொல்லுங்கள்.

போகும் வழி எளிதுதான். ஒசாகாவின் நம்பா நிலையத்தில் நன்காய் ரயில் ஏறினால் கோகுராகுபாஷி வரை ஒன்றரை மணி நேரம், வண்டியைப் பொறுத்துச் சற்று முன்பின். 'கோயா' என்ற விரைவு வண்டிக்குத் தனிக் கட்டணம். இருக்கை உறுதி, மாறி ஏற வேண்டாம். மற்ற வண்டிகளில் ஹாஷிமோதோவில் மாற நேரலாம். முழங்கால் வலிக்காரரோடு போவதால் விரைவு வண்டியே எடுங்கள். கோகுராகுபாஷியில் இறங்கினால் கேபிள் கார். ஐந்து நிமிடத்தில் சுமார் 330 மீட்டர் உயரம் தூக்கிவிடும். அந்தப் பெட்டிக்குள்ளேயே படிப்படியாகத்தான் இருக்கைகள், அதனால் அம்மாவைக் கீழ்க் கதவுப் பக்கமே உட்கார வையுங்கள், ஏறி இறங்கும் சிரமம் குறையும். மேல் நிலையத்திலிருந்து ஊருக்குப் பத்து நிமிடம் பேருந்து. அந்தச் சாலையில் நடக்க அனுமதி இல்லை. பெரிய பெட்டிகளை நம்பாவில் லாக்கரில் வைத்துவிட்டு, ஒரு இரவுக்கான கைப்பையோடு போங்கள்.

ஒரே ஒரு விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள்: மாலை நான்கு மணிக்குள் மடத்துக்குள் இருக்க வேண்டும். மடங்களில் சாப்பாடு ஐந்தரை, ஆறுக்கு. முதல் முறை நான் ஊரைச் சுற்றிவிட்டு ஆறரைக்குப் போய்ச் சேர்ந்தேன். இளம் துறவி ஒருவர் என் தட்டை மூடி வைத்துவிட்டு வாசலிலேயே காத்திருந்தார். ஒரு வார்த்தை கடிந்து சொல்லவில்லை. ஆனால் காலை நான்கு, ஐந்து மணிக்கே எழுந்து வேலை பார்க்கிறவர் அவர். எனக்காக இரவு அவர் வேலை ஒரு மணி நேரம் தள்ளிப்போனது. நாம் அங்கே வாடிக்கையாளர் என்பதைவிட விருந்தாளி என்று நினைத்துக்கொண்டு நடந்தால் எல்லாம் சரியாக வரும்.

அறை எப்படி இருக்கும்? கோரைப் பாய் போட்ட 'தாதாமி' தரை, குட்டை மேசை, உட்காரத் திண்டு, காகிதமோ துணியோ ஒட்டிய நகரும் கதவுகள். பல மடங்களில் அந்தக் கதவுதான் உங்களுக்கும் பக்கத்து அறைக்கும் இடையே இருக்கும் சுவர். பூட்டு இல்லாத அறைகளும் உண்டு. பணத்துக்கும் பாஸ்போர்ட்டுக்கும் சிறு பெட்டகம் வைத்திருப்பார்கள். பக்கத்தில் குறட்டை விட்டால் கேட்கும். நீங்கள் சாப்பிடப் போயிருக்கும்போது யாரோ வந்து மெத்தையை விரித்துவிட்டுப் போவார்கள். கழிவறை பெரும்பாலும் பொதுவானது, ஆனால் உட்காரும் வகை எங்கும் இருக்கிறது. அறையில் செருப்பே கூடாது, தாழ்வாரத்துக்கு ஒரு செருப்பு, கழிவறைக்கு வேறு செருப்பு. இதை மட்டும் மறக்காதீர்கள்.

முழங்கால் விஷயம்தான் நீங்கள் முன்கூட்டியே பேச வேண்டியது. தரையில் விரித்த மெத்தையிலிருந்து எழுவது, குட்டை மேசை முன் மடக்கி உட்காருவது, காலை வழிபாட்டில் அரை மணிக்கு மேல் அமர்வது, இந்த மூன்றும் அம்மாவுக்குக் கஷ்டம். முன்பதிவு செய்யும்போதே 'முழங்கால் வலி, சாப்பாட்டுக்கும் வழிபாட்டுக்கும் நாற்காலி வேண்டும், தரைத்தள அறை வேண்டும்' என்று எழுதிவிடுங்கள். வழிபாட்டு மண்டபத்தில் சிறு நாற்காலிகள் போட்டு வைக்கும் மடங்கள் நிறைய. கட்டில் உள்ள அறைகளும் சில மடங்களில் உண்டு, விலை கூடும். கோயாசான் ஷுகுபோ சங்கம் மூலமாகவோ மடத்தின் இணையதளத்திலோ நேரடியாகப் பதிவு செய்யலாம். இரவுச் சாப்பாடு, காலைச் சாப்பாடு இரண்டும் சேர்த்து ஆளுக்குச் சாதாரணமாக 12,000 முதல் 20,000 யென் வரை ஆகும். தோட்டம் பார்த்த அறை, தனிக் குளியலறை என்று போனால் அதற்கும் மேல். கையில் ரொக்கம் வைத்திருங்கள். அட்டை வாங்காத மடங்கள் இன்னும் இருக்கின்றன.

குளியல் பற்றி யாரும் முன்னாலேயே சொல்வதில்லை. பொதுக் குளியலறைதான், ஆண்களுக்குத் தனி, பெண்களுக்குத் தனி. உடையில்லாமல்தான் இறங்க வேண்டும். வெளியே உட்கார்ந்து சோப்புப் போட்டு நன்றாகக் கழுவிய பிறகே வெந்நீர்த் தொட்டிக்குள் போக வேண்டும். அம்மாவுக்கு இது சங்கடமாக இருக்கலாம். குளியலறை சாத்தும் நேரத்துக்கு அரை மணி முன்னால் போனால் பெரும்பாலும் யாரும் இருக்க மாட்டார்கள். முழங்கால் வலிக்கு அந்த வெந்நீரைவிட நல்ல மருந்து அந்த மலையில் கிடையாது.

சரி, சாப்பாடு. இந்த ஒரு இரவில் மட்டும் அம்மா எதையும் கிளறிப் பார்க்காமல் சாப்பிடலாம். ஜப்பானில் சைவம் என்பது பெரிய பாடு. காய்கறிச் சூப் என்பார்கள், அதில் காய்ந்த மீன் சீவலைக் கொதிக்க வைத்த 'தாஷி' சேர்ந்திருக்கும். மடத்துச் சமையலான 'ஷோஜின் ரியோரி'யில் மீனும் கறியும் கிடையாது. வெங்காயம், பூண்டும் விலக்கு. தாஷி கூட கோன்பு என்ற கடற்பாசியிலும் உலர்ந்த ஷீத்தாகே காளானிலும் எடுப்பது. ஐந்து சுவை, ஐந்து நிறம், ஐந்து சமையல் முறை என்று ஒரு கணக்கு வைத்துத்தான் தட்டை நிரப்புவார்கள். கால் வைத்த அரக்குத் தட்டில் சின்னச் சின்னக் கிண்ணங்களாக வரும். இரண்டை மட்டும் விடாமல் கவனியுங்கள். ஒன்று கோயா தோஃபு. தோஃபுவை உறைய வைத்து உலர்த்தி, மறுபடி ஊற வைத்துச் சமைப்பது. இந்த மலைக் குளிரிலேயே பிறந்த பண்டம் என்று சொல்வார்கள். கடித்தால் பஞ்சு மாதிரி, உள்ளேயிருந்து சாறு வரும். இன்னொன்று கோமா தோஃபு. பெயரில்தான் தோஃபு, சோயா கிடையாது. எள்ளை அரைத்துப் பிழிந்த பாலில் குட்சு என்ற கொடிக் கிழங்கின் மாவைச் சேர்த்துக் கைவிடாமல் கிண்டி, ஆற வைத்து வில்லை போடுவது. சதுரமாக, வழவழப்பாக, மேலே ஒரு துளி வசாபி என்ற காரமான பச்சை விழுதோடு வரும். நாக்கில் வைத்தால் கரைந்துபோய் எள் வாசனை மட்டும் நிற்கும்.

அந்தத் துளி வசாபியை விட்டால் காரம் சுத்தமாக இருக்காது. ஊறுகாய்ப் பொட்டலத்தை அந்த ஒரு வேளை பையிலேயே விட்டுவிடுங்கள் என்று அம்மாவிடம் கேட்டுக்கொள்வேன். முதல் மூன்று வாய்க்குச் சப்பென்று தோன்றும், அப்புறம் ஒவ்வொரு காயின் ருசியும் தனியாகத் தெரிய ஆரம்பிக்கும். ஆனால் மடத்துக்கு வெளியே ஊருக்குள் இருக்கும் உணவகங்களில் மீன் தாஷி சகஜம், அதனால் முதல் நாள் மதியச் சாப்பாட்டை நம்பாவிலேயே பார்த்துக் கட்டி எடுத்துக்கொள்ளுங்கள்.

சாப்பிட்டதும் படுத்துவிடாதீர்கள். ஒகுனோயின் கல்லறைத் தோப்புக்கு ஒரு நடை போய் வாருங்கள், ஆனால் மடத்து வாசல் எத்தனை மணிக்குச் சாத்தப்படும் என்று கேட்டுவிட்டு. பல இடங்களில் இரவு ஒன்பது. முதல் பாலமான இச்சி-நோ-ஹாஷியிலிருந்து கூக்காயின் சமாதி வரை 2 கிலோமீட்டர். இரண்டு பக்கமும் பல நூற்றாண்டு வயதுள்ள செடார் மரங்கள், அவற்றின் அடியில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட நினைவுக் கற்கள். பதினாறாம் நூற்றாண்டில் பல முறை மோதிக்கொண்ட போர்த் தலைவர்கள் தகேதா ஷிங்கெனும் உஎசுகி கென்ஷினும் இங்கே அருகருகே இருக்கிறார்கள். அதே காலத்துப் போர்த் தலைவர் ஓதா நொபுனாகாவுக்கும், அவரைக் காட்டிக்கொடுத்து வீழ்த்திய அகேச்சி மிட்சுஹிதேவுக்கும் இதே தோப்பில் கல் உண்டு. நிறுவனங்கள் தங்கள் ஊழியர்களுக்காக வைத்த கற்களும், பூச்சி ஒழிப்புத் தொழில் செய்கிறவர்கள் தாங்கள் கொன்ற கரையான்களுக்காக வைத்த கல்லும் இருக்கின்றன. அந்தக் கரையான் கல் முன்னால் நான் வெகுநேரம் நின்றேன். பிழைப்புக்காகச் செய்ததற்கும் ஒரு மன்னிப்பு கேட்டு வைத்திருக்கிறார்கள்.

அம்மாவுக்கு முழு 2 கிலோமீட்டர் வேண்டாம். ஒகுனோயின்-மாஎ பேருந்து நிறுத்தத்திலிருந்து தொடங்கினால் தூரம் பாதியாகும். ஆனால் அந்த வழியைப் பகலில் வைத்துக்கொள்ளுங்கள். இரவில் முதல் பாலத்திலிருந்து முந்நூறு அடி நடந்து திரும்பினாலே போதும். கல் விளக்குகள் மங்கலாக எரியும், மரங்களுக்கு மேலே பறக்கும் அணில் எங்காவது கத்தும். பயமாக இருக்குமா என்று கேட்பீர்கள். எனக்கு இருந்ததில்லை.

அங்கே எங்கு பார்த்தாலும் ஐந்து கற்களை ஒன்றன்மேல் ஒன்று அடுக்கிய தூண்கள் நிற்கும், 'கோரின்தோ' என்பார்கள். அடியில் சதுரம், அதன்மேல் உருண்டை, முக்கோணக் கூரை, அரைவட்டம், உச்சியில் ரத்தின வடிவம். நிலம், நீர், நெருப்பு, காற்று, ஆகாயம். ஐம்பூதங்கள்தான், வரிசைகூட மாறவில்லை. அவற்றின்மேல் செதுக்கியிருக்கும் எழுத்து சீன எழுத்து இல்லை; சித்தம் என்ற பழைய இந்திய எழுத்து. கீழிருந்து மேலாக அ, வ, ர, ஹ, க என்ற வடமொழி அசைகள். கூக்காய் ஜப்பானில் நிறுவிய ஷிங்கோன் மரபு தன் குருபரம்பரையில் எட்டுப் பேரைச் சொல்கிறது. அவர்களில் ஒருவர் வஜ்ரபோதி. சீனக் குறிப்புகள் அவரைத் தென்னிந்தியாவோடும் காஞ்சிப் பல்லவ அரசவையோடும் சேர்த்துப் பேசுகின்றன. எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கடல் வழியாகச் சீனா போனவர். அவர் சீடர் அமோகவஜ்ரர், அவர் சீடர் ஹுய்குவோ, அவர் சீடர் கூக்காய். கோவில் மண்டபங்களில் இந்த எட்டுப் பேரின் படங்கள் இரண்டு பக்கமும் தொங்கினால் அம்மாவுக்குக் காட்டுங்கள். நம் கடற்கரையிலிருந்து கிளம்பிய ஒன்று, இரண்டு கடல் தாண்டி ஒரு மலையில் ஏறி இன்னும் அணையாமல் இருக்கிறது என்று நினைக்கும்போது எனக்கு ஒவ்வொரு முறையும் நெஞ்சு நிறையும்.

இரவு குளிரும். கோடையில்கூட ஒசாகாவைவிட ஐந்தாறு டிகிரி குறைவு, குளிர்காலத்தில் பனி விழுந்து பூஜ்யத்துக்குக் கீழே போகும். அறையில் ஹீட்டர் இருக்கும், தாழ்வாரத்தில் இருக்காது. தடித்த காலுறை இரண்டு ஜோடி எடுத்துப்போங்கள், வழிபாட்டு மண்டபத்தின் தரை சில்லென்று ஏறும்.

இப்போது காலை வழிபாடு. பெரும்பாலான மடங்களில் ஆறு அல்லது ஆறரைக்கு. கட்டாயம் இல்லை, ஆனால் இதைத் தூங்கித் தவறவிட்டால் மடத்தில் தங்கியதற்கே பொருள் இல்லை. இரவு உடையான யுக்காதாவோடு போகாமல் ஒழுங்காக உடுத்திப் போங்கள். ஐந்து நிமிடம் முன்னதாக. மண்டபம் இருட்டாக இருக்கும். தங்க நிறத் தொங்கல்கள் விளக்கொளியில் மட்டும் மினுங்கும். துறவிகள் இருவரோ மூவரோ, மூச்சு விடும் இடம் தெரியாமல், ஒரே சுருதியில் ஓதத் தொடங்குவார்கள். நடுவில் ஒரு முறை வெண்கலக் கிண்ண மணி. அவர்கள் ஓதுவது பெரும்பாலும் 'ரிஷுக்யோ' என்ற சூத்திரம்; அமோகவஜ்ரர் சீனத்தில் மொழிபெயர்த்தது. சொற்கள் புரியாது. ஆனால் கவனமாகக் கேட்டால் திடீரென்று பிடிபடுவது ஒன்று வரலாம்: "ஓன் அபோக்யா பெய்ரோஷானோ..." ஓம் அமோக வைரோசன. அது ஒளி மந்திரம். ஜப்பானிய நாக்கில் ஆயிரத்து இருநூறு வருடம் உருண்டு தேய்ந்த வடமொழி.

நடுவில் துறவி கையால் சைகை காட்டுவார். ஒவ்வொருவராகப் போய் தூபம் போட வேண்டும். முன்னால் ஒரு சின்னப் பெட்டி இருக்கும். ஒரு பக்கம் தூளாக நறுக்கிய வாசனை மரம், மறுபக்கம் சாம்பலுக்குள் கனன்றுகொண்டிருக்கும் கரி. மூன்று விரலால் ஒரு சிட்டிகை எடுத்து, நெற்றிக்கு நேராக உயர்த்தி, கனலில் போட வேண்டும். மூன்று முறை. பிறகு கைகூப்பி ஒரு வணக்கம். நான் முதல் முறை போட்டபோது அந்தச் சிட்டிகை ஒரு கணம் கறுப்பாகக் கிடந்தது. விளிம்பு சிவந்தது. அப்புறம் நூல் மாதிரி ஒரு புகை நேராக எழுந்து, முழங்கை உயரத்தில் உடைந்தது. அதற்கு ஒரு மாதம் முன்புதான் அப்பா போயிருந்தார். யாரும் என்னிடம் எதுவும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. பின்னால் நின்றவர் பொறுமையாகக் காத்திருந்தார்.

அம்மா தன் சாமியை நினைத்துக்கொண்டு போடலாமா என்று தயங்கினால், போடலாம். யாருக்காக, எதற்காக என்று அங்கே யாரும் விசாரிப்பதில்லை. சில மடங்களில் இதற்கப்புறம் 'கோமா' நடக்கும். ஹோமம் என்ற சொல்தான் அது, நம் ஓமம். விறகுக் குச்சிகளை அடுக்கி நெருப்பு மூட்டுவார்கள், பெரிய முரசு அதிரும், வேண்டுதல் எழுதிய குச்சிகளை நெருப்பில் இடுவார்கள். எகோயின் என்ற மடத்தில் காலையில் இது உண்டு. அம்மா ஓமம் பார்த்துப் பழகியவராக இருந்தால் அந்த மடத்தை முதலில் பாருங்கள். கூட்டம் அதிகம், சத்தமில்லாத காலைதான் வேண்டும் என்றால் சின்ன மடம் நல்லது. 'அஜிகான்' தியானம், சூத்திரம் பார்த்து எழுதுவது போன்றவையும் பல மடங்களில் உண்டு. ஒரே இரவுக்குள் எல்லாவற்றையும் அடைக்காதீர்கள்.

சாப்பாடு முடிந்து, ஒன்பது, பத்து மணிக்குள் அறையைக் காலி செய்ய வேண்டும். பையை மடத்திலேயே விட்டுவிட்டுப் போகலாம், கேட்டால் வைத்துக்கொள்வார்கள். பத்து மணிக்குள் ஒகுனோயின்-மாஎ நிறுத்தத்தில் இறங்கி, அம்மாவோடு மெதுவாகச் சமாதிப் பக்கம் நடங்கள். கூக்காய் 835இல் இறக்கவில்லை, உள்ளே தியானத்தில் அமர்ந்திருக்கிறார் என்பது அவர்கள் நம்பிக்கை. அதனால் தினமும் காலை ஆறுக்கும் பத்தரைக்கும் அவருக்குச் சாப்பாடு போகிறது. ஆறு மணியானது உங்கள் வழிபாட்டோடு மோதும், பத்தரையைப் பிடிக்கலாம். சமாதிக்கு முன்னால் இருக்கும் கோபியோபாஷி பாலத்துக்கு இந்தப் பக்கம், ஒதுங்கி நில்லுங்கள். துறவிகள் இருவர் வெள்ளை மரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு, மூத்தவர் ஒருவர் முன்னே செல்ல, பேச்சில்லாமல் வருவார்கள். ருசி பார்ப்பவர் என்று பெயருள்ள ஜிசோ என்ற போதிசத்துவரின் சிறு சன்னதியில் முதலில் நின்று காட்டிவிட்டு, பாலத்தைக் கடப்பார்கள். பாலத்துக்கு அந்தப் பக்கம் படம் எடுக்கக் கூடாது, தொப்பி கழற்ற வேண்டும், தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது. பெட்டி மண்டபத்துக்குள் போன பிறகு நீங்களும் பின்னாலேயே நடந்து போய், பத்தாயிரத்துக்கு மேல் விளக்குகள் தொங்கும் அந்தக் கூடத்தில் அம்மாவை ஓரமாக உட்கார வையுங்கள். ஓதி முடிய நேரம் ஆகும், அவசரப்படுத்தாதீர்கள். நம்பாவுக்கு ரயில் மதியத்துக்கு மேலும் இருக்கிறது.